ஏழு தரம் துவைத்த துண்டு

தரம் ஒன்பது விஞ்ஞானப் புத்தகத்தின் பின்பக்கமாக இருந்த நனோ தொழில்நுட்பப் பாடத்தை பிரேமிளா டீச்சர் நான்கு வருடமாக ஒரே மாதிரித்தான் படிப்பித்து வந்தாள். அவள் வாசிப்பாள், பிள்ளைகள் பென்சிலால் கோடு போடுவார்கள், மணி அடிக்கும். காந்தம் என்றால் கையில் கொடுக்கலாம். பூவென்றால் பிய்த்துக் காட்டலாம். ஒரு மீற்றரை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒன்றை எந்தக் கையில் வைத்துக் காட்டுவது?

ஐந்தாவது வருடம் ஒன்பது பி வகுப்பு அவளுக்கு வாய்த்தது. அந்த வகுப்பில் யுகேஷ் இருந்தான்.

"எல்லாரும் நகத்தப் பாருங்க" என்று அன்று பாடத்தைத் தொடங்கினாள். "உங்க நகம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு நனோமீற்றர் வளருது. நான் இத சொல்லி முடிக்கிறதுக்குள்ள அஞ்சாறு நனோமீற்றர் வளந்திருக்கும்."

இருபத்தெட்டுப் பேரும் நகத்தைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் வகுப்பில் அப்படி ஓர் அமைதி. பிரேமிளாவுக்கே பெருமையாக இருந்தது. யுகேஷ் கட்டைவிரலை மூக்கு நுனிவரை கொண்டுபோய் ஒரு கண்ணை மூடிக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணும் தெரியல டீச்சர்."

"தெரியாதுப்பா. அது அவ்வளவு சின்னது."

"அப்ப கண்ணுக்குத் தெரியாததப் பத்தி பரீட்சையில கேட்டா, நாங்களும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி விடை எழுதலாங்களா?"

அமைதி அத்தோடு போயிற்று.

அடுத்த நாள் பிரேமிளா வாய்க்கால் ஓரத்தில் பறித்த சேம்பிலை ஒன்றைக் கொண்டுபோனாள். அதில் தண்ணீரை ஊற்றி, துளிகள் உருண்டு ஓடுவதைக் காட்டி, இலையின் மேலே கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமும் மெழுகும் இருப்பதால்தான் தண்ணீர் ஒட்டுவதில்லை என்று விளக்கினாள். பிள்ளைகள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

"இது எங்க வீட்டுக்குப் பின்னால காடா வளந்து கெடக்கு டீச்சர்" என்றாள் முன் வாங்கில் இருந்த ஒருத்தி. "இதுவா நனோ?"

வீட்டுக்குப் பின்னால் வளர்வது எதுவும் விஞ்ஞானமாக இருக்க முடியாது என்பது ஒன்பது பி வகுப்பின் தீர்க்கமான முடிவு. விஞ்ஞானம் என்றால் கடையில் விற்க வேண்டும்.

அது கடையிலும் விற்றது. அந்தச் சனிக்கிழமை பிரேமிளாவும் கணவன் சுமனும் குண்டசாலையிலிருந்து பஸ் ஏறி, சுமனுக்கு ஒரு காற்சட்டை பார்க்கக் கண்டி டவுனுக்கு வந்தார்கள். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்டே அழகமுத்து முதலாளியின் துணிக்கடை. வாசலில் ஒரு புதுப் பலகை: 'நனோ சேர்ட்! தேத்தண்ணி பட்டாலும் கறை படாது!'

கடை நடுவில் முதலாளியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஐம்பத்தைந்து வயது, தாராளமான வயிறு, வெள்ளை நீளக்கைச் சேர்ட். ஒரு கையில் பிளேன்டீ. சுற்றி ஏழெட்டுப் பேர்.

"நல்லாப் பாத்துக்குங்க" என்றவர் கிளாசைத் தன் நெஞ்சிலேயே சாய்த்தார்.

தேத்தண்ணி முத்து முத்தாக உருண்டது. வயிற்று மேட்டில் கொஞ்சம் தயங்கியது. பிறகு வழுக்கிக்கொண்டு போய்க் கீழே வைத்திருந்த பேசினில் விழுந்தது. சேர்ட்டில் ஒரு சொட்டு நிற்கவில்லை.

"நனோ!" என்றார் முதலாளி. கூட்டத்தில் யாரோ கைதட்டினார். கல்லாவில் இருந்த அவர் மனைவி பேச்சியம்மா மட்டும் கைதட்டவில்லை. ஒரு நாளைக்கு இருபது பிளேன்டீ போட்டுக் கொடுப்பவருக்கு அதில் என்ன அதிசயம் இருக்கிறது?

சுமனின் காற்சட்டை மறந்து போயிற்று. பிரேமிளா வெள்ளை நனோ சேர்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

திங்கட்கிழமை அந்தச் சேர்ட்டை ஒரு கதிரையின் முதுகில் மாட்டி, தேத்தண்ணியை ஊற்றினாள். வகுப்பு எழுந்து நின்று சத்தம் போட்டது. யுகேஷ்கூட வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு ஒவ்வொருவராக வந்து ஊற்றிப் பார்த்தார்கள். தேத்தண்ணி, மை, யாரோ கொண்டுவந்த பருப்புக் கறி. சேர்ட் எல்லாவற்றையும் உதறியது. பிரேமிளாவின் ஆசிரிய வாழ்க்கையில் மணி அடித்தும் பிள்ளைகள் வகுப்பை விட்டுப் போகாத முதல் நாள் அது.

செய்தி பாடசாலை அதிபர் ராஜலிங்கத்தின் காதுக்குப் போனது. "நான் பாக்கலியே டீச்சர்" என்று அவர் பிள்ளையைப்போலக் குறைப்பட்டுக்கொண்டார். புதன்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

புதன்கிழமைக்கு முன் செவ்வாய்க்கிழமை ஒன்று இருந்தது. கைபட்ட அழுக்கும் கறி வாடையுமாகக் கிடந்த சேர்ட்டைச் சுமன் பார்த்தான். மனைவிக்கு உதவி செய்வோம் என்ற நல்லெண்ணம் அவனுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை வரும். சுடுதண்ணீரில் சவர்க்காரத்தூளைத் தாராளமாகக் கொட்டி, ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, அலசி, மழைக் காற்றில் காயப்போட்டு, மடித்து அவள் பையிலேயே வைத்துவிட்டான்.

அதிபர் சரியாக நேரத்துக்கு வந்தார். பத்தரைக்கு அவருக்கு வலயக் கல்விப் பணிமனையில் கூட்டம் இருந்ததால் தேய்த்து மடித்த வெள்ளை உடுப்பும் கழுத்துப்பட்டியுமாக இருந்தார்.

"கதிரைக்கு ஊத்தி என்ன பிரயோசனம்?" என்றார். "மனுசன் போட்டாத்தானே சேர்ட்டு. குடுங்க." தன் சேர்ட்டுக்கு மேலேயே அதையும் மாட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். "ஊத்துங்க டீச்சர். யோசிக்காதீங்க."

பிரேமிளா யோசிக்காமல் ஊற்றினாள்.

தேத்தண்ணி உருளவில்லை. நெஞ்சில் பட்ட இடத்திலேயே உட்கார்ந்து, சாவகாசமாக நாலாபக்கமும் பரவியது. நனோ சேர்ட்டைக் கடந்தது. அதிபரின் சொந்தச் சேர்ட்டையும் கடந்தது. கடைசியில் அதிபரையும் அடைந்தது. அவர் 'ஸ்' என்று ஒரு சத்தம் மட்டும் போட்டார். தேத்தண்ணி கொஞ்சம் சூடு.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு இருபத்தெட்டுப் பேரும் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"பரவாயில்ல" என்றார் அதிபர். நனோ சேர்ட்டைக் கழற்றிவிட்டு, நெஞ்சில் இலங்கை வரைபடம் போலிருந்த கறையைக் கழுத்துப்பட்டியால் மூடப் பார்த்தார். யாழ்ப்பாணம் மறைந்தது, மாத்தறை மறையவில்லை. "இதுவும் ஒரு பரிசோதனைதானே."

அன்று மாலையே பிரேமிளா கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"துவைச்சிருக்கீங்க!" என்றார் அழகமுத்து முதலாளி, கொலைக் குற்றத்தைக் கண்டுபிடித்தவர் போல. "யாரு துவைச்சது?"

"எங்க வீட்டுக்காரர். ஒரே ஒரு தடவ."

"ஆம்பளைங்க துவைச்சா அப்படித்தான். நாலு மாசமா நான் போட்டிருக்கேன், பாருங்க." உடனே ஒரு பிளேன்டீயை வாங்கி நெஞ்சில் ஊற்றிக் காட்டினார். உருண்டு ஓடியது. "இது கொழும்புல இருந்து வந்த சரக்கு. பெட்டியிலயே எழுதியிருக்கு, ஐம்பது தடவ துவைக்கலாம்னு. நம்பிக்கை இல்லன்னா இந்தாங்க" என்று இன்னொரு சேர்ட்டை எடுத்து அவள் கையில் திணித்தார். "சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க. உங்க பிள்ளைங்களே துவைச்சுச் சோதிக்கட்டும். அப்புறம் வந்து பேசுங்க."

சவாலுக்குச் சொன்ன சொல். அதை அவள் அப்படியே எடுத்துக்கொள்வாள் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். வியாழக்கிழமை காலை பிரேமிளா மனையியல் அறைக் கத்தரிக்கோலால் அந்தப் புதுச் சேர்ட்டை இருபத்தெட்டுத் துண்டாக வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். யுகேஷுக்குச் சட்டைப்பையோடு சேர்ந்த துண்டு கிடைத்தது; அதில் அவனுக்குத் தனிச் சந்தோசம்.

"ஒவ்வொரு நாளும் சாதாரண சவர்க்காரம் போட்டுத் துவைங்க. காய்ஞ்சதும் ஒரு துளி தண்ணி விட்டுப் பாருங்க. உருளுதா, ஒட்டுதா, ஊறுதா? கொப்பியில எழுதுங்க. ஒரு கிழமைக்குப் பிறகு கொண்டுவாங்க."

ஒரு கிழமை கழித்து வெண்பலகையில் அட்டவணை போட்டார்கள். முதல் தரம் துவைத்ததும் அநேகமாக எல்லாத் துண்டிலும் துளி உருண்டது. இரண்டாம் தரம் ஒட்டியது. மூன்றாம் தரம் ஊறிவிட்டது. சிலருக்கு நான்கு. இருபத்தேழு பேரின் கணக்கு அப்படித்தான் வந்தது.

"கஜனி?"

கஜனி கடைசி வாங்கில் ஜன்னலோரம் இருப்பவள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் மூன்று தவணையும் பேசாமலே இருந்துவிடுவாள். அவளுடைய அம்மா வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தார்.

"ஏழு டீச்சர்" என்றாள் கஜனி.

"ஏழாவது தரம் ஊறிச்சா?"

"இல்ல டீச்சர். ஏழு தரம் துவைச்சேன். இன்னும் உருளுது."

பிரேமிளா துண்டை வாங்கி ஒரு துளி விட்டாள். துளி குண்டாக எழுந்து நின்றது. சரித்தாள், ஓடியே போயிற்று. துண்டும் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல வெள்ளையாக, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. மற்றவர்களுடையது எல்லாம் கசக்கிப்போட்ட காகிதம் மாதிரி.

"நிசமா துவைச்சியா கஜனி?"

"துவைச்சேன் டீச்சர்."

"ஏழு தரமும்?"

"ஏழு தரமும்."

"சவர்க்காரம் போட்டு?"

கஜனி இந்தத் தடவை ஆமென்று தலையை மட்டும் அசைத்தாள். பிரேமிளா, "சரி, சரி" என்று ஒரு மாதிரியாகச் சொல்லி, வெண்பலகையில் ஏழு என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியையும் போட்டாள். யுகேஷ் குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கஜனி கண்ணுக்குத் தெரியாத சவர்க்காரம் போட்டிருக்கா" என்றான். வகுப்பு சிரித்தது. கஜனி ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள். பாடம் முடியும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யுகேஷின் வேலை அதோடு முடியவில்லை. அவன் வீடு பிலிமத்தலாவையில். டவுனில் பஸ் மாற வேண்டும். பஸ் வரும்வரை நேரம் போக வேண்டும். அழகமுத்து முதலாளியின் கடையோ வழியிலேயே இருந்தது. அன்று மாலை முதலாளி நெஞ்சில் தேத்தண்ணியை ஊற்றி 'நனோ!' என்று சொல்லி முடித்ததும், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மூணு தரம் துவைச்சாப் போயிருங்க அங்கிள். எங்க வகுப்பில இருபத்தேழு பேரு சோதிச்சுப் பாத்தோம். கொப்பி காட்டவா?"

உண்மையாகவே கொப்பியை எடுத்துக் காட்டினான். இரண்டு பேர் கையிலிருந்த சேர்ட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் மூன்றாம் பாடவேளையில் அழகமுத்து முதலாளி பாடசாலைக்கே வந்துவிட்டார். அதிபர் அவரை ஒன்பது பி வகுப்புக்குக் கூட்டிவந்தார். முதலாளி அதே வெள்ளைச் சேர்ட்டோடு, மேலே ஏறி வந்த மூச்சு அடங்காமல் வாசலில் நின்றார்.

"என்னாங்க டீச்சர் இது? பிள்ளைங்கள விட்டு என் யாவாரத்தக் கெடுக்கிறீங்க. இதுவா விஞ்ஞானம்?"

"நீங்கதானே முதலாளி சோதிக்கச் சொன்னீங்க."

"சோதிக்கச் சொன்னேன். தெருவில நின்னு சொல்லச் சொல்லலியே!"

பிரேமிளா யுகேஷை ஒரு பார்வை பார்த்தாள். அவன் அப்போதுதான் புத்தகத்தில் மிக முக்கியமான ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்தவன்போல் குனிந்துகொண்டான்.

"இங்க பாருங்க பிள்ளைங்களா" என்று முதலாளி வகுப்பின் பக்கம் திரும்பினார். ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலை வாங்கி நெஞ்சில் ஊற்றினார். தண்ணீர் உருண்டு தரையில் கொட்டியது. "நாலு மாசம்! ஒரு நாள் விடாமப் போடுறேன். பொய்யா இது?"

முன் வாங்குப் பெண் கையை உயர்த்தினாள். "அங்கிள், அத எத்தனை தரம் துவைச்சீங்க?"

முதலாளி, "இதுலதான் கறையே படாதே மகள்" என்றார். "அப்ப எதுக்குத் துவைக்கணும்?"

இருபத்தெட்டுப் பேரின் பார்வையும் அவர் நெஞ்சிலிருந்து கழுத்துப்பக்கம் ஏறியது. சேர்ட் வெள்ளைதான். கொலர் மட்டும் நல்ல சாயத் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் நின்ற அதிபர் ரொம்ப மரியாதையாக ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

"நாலு மாசமாவா அங்கிள்?" என்றான் யுகேஷ், புத்தகத்திலிருந்து தலையை எடுத்து.

வகுப்பு வெடித்தது. அன்றைக்கு அடக்கிவைத்த சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதிபரும் சிரித்தார். கடைசியில் முதலாளியே கொலரைத் தொட்டுப் பார்த்து, "பேச்சியும் ரெண்டு மாசமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா" என்றார். கோபம் பாதி இறங்கியிருந்தது. பிரேமிளா கதிரையை இழுத்துப் போட்டாள். முதலாளி அதில் உட்கார்ந்துகொண்டு வெண்பலகையில் இருந்த அட்டவணையை வாசித்தார். மூன்று, மூன்று, நான்கு, மூன்று. பாவம், முகம் சுருங்கிப் போயிற்று. பெட்டியில் எழுதியிருந்ததை அவர் நம்பித்தான் வாங்கியிருந்தார்.

பிறகு அவர் கண் ஓரிடத்தில் நின்றது.

"இது யாரு ஏழு?"

"அது ஒரு பிழையான கணக்கு முதலாளி" என்றாள் பிரேமிளா. சொன்னபோதே கஜனியின் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

"பிழையா? எங்க, அந்தத் துண்டக் குடுங்க."

கஜனி எழுந்து வந்து துண்டைக் கொடுத்தாள். முதலாளி அதைத் தடவினார், வெளிச்சத்துக்குப் பிடித்தார், மூக்கில் வைத்து மோந்தார். முப்பது வருடம் துணி விற்ற கை.

"இது துவைச்ச துணிதான்" என்றார். "புதுத் துணிக்குக் கஞ்சி வாசம் இருக்கும். இதுல இல்ல. நூலும் தளந்திருக்கு. பிள்ள பொய் சொல்லல."

வகுப்பில் அவளை நம்பிய முதல் ஆள் அவர்தான். அதில் அவருக்கு ஒரு லாபமும் இருந்தது என்பது வேறு விசயம்.

"மகள், எப்படி துவைச்ச? எங்க காயப்போட்ட? அயன் பண்ணினியா?"

"ஆமாங்க" என்றாள் கஜனி. "ஒவ்வொரு தரமும் அயன் பண்ணினேன். எங்க அம்மா அயன் பண்ணாத துணிய அலுமாரியில வைக்க விடமாட்டாங்க. கைக்குட்டை, தலையணை உறை எல்லாம் அயன் பண்ணணும்."

"மத்தவங்க?"

இருபத்தேழு பேரில் ஒருவரும் இல்லை.

பிரேமிளா கஜனியின் துண்டையும் மற்றத் துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "யுகேஷ், மனையியல் அறையில அயன் இருக்கும். ஓடிப்போய்க் கேட்டு எடுத்துக்கிட்டு வா" என்றாள். அவன் ஓடினான். ஆசிரியர் மேசைமேல் துவாயை விரித்து, ஊறிப்போகிற துண்டுகளில் ஒன்றை வைத்து, கஜனியையே தேய்க்கச் சொன்னாள். கஜனி அம்மாவைப்போலவே முதலில் அயனின் சூட்டை ஈரவிரலால் தட்டிப் பார்த்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு நிதானமாக இழுத்தாள். துண்டு ஆறியதும் பிரேமிளா ஒரு துளி விட்டாள்.

துளி குண்டாக எழுந்து நின்றது.

அடுத்த துண்டு. அதுவும் அப்படியே. நாலாவது துண்டுக்கு வரிசை கட்டிவிட்டார்கள். அதிபர் அலுவலகத்துக்குப் போய், அன்று கழற்றி மேசை லாச்சியில் வைத்திருந்த அந்தக் கறைபட்ட நனோ சேர்ட்டைத் தானே கொண்டுவந்தார். கறை போகவில்லை, ஆனால் தேய்த்த இடத்தில் தண்ணீர் உருண்டது. அழகமுத்து முதலாளி, "அப்படிச் சொல்லு!" என்று மேசையில் தட்டினார். யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"ஏன் டீச்சர் அப்படி?" என்று கேட்டாள் முன் வாங்குப் பெண்.

"எனக்குத் தெரியல" என்றாள் பிரேமிளா. "திங்கட்கிழமை சொல்றேன்."

மணி அடித்தது. கூட்டத்தில் கஜனியைத் தேடினாள். அவள் அயனின் வயரை ஒழுங்காகச் சுற்றி மேசையில் வைத்துவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டிருந்தாள். பாடசாலை விட்ட பின்னும் அவளைப் பிடிக்க முடியவில்லை, பஸ் போய்விட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிரேமிளா போனும் கையுமாக இருந்தாள். பல்கலைக்கழகத்தில் தன்னோடு படித்து இப்போது ஆராய்ச்சி செய்யும் ஸாகியை மூன்று தடவை அழைத்தாள். மூன்றாவது தடவை ஸாகி, "ஒன்பதாம் வகுப்புக்கு இவ்வளவு வேணுமா பிரேமிளா?" என்று கேட்டாள். வேண்டியிருந்தது. இதற்கு நடுவில் அழகமுத்து முதலாளியும் ஒருதரம் பேசினார். பலகையில் 'துவைத்தபின் கட்டாயம் அயன் பண்ணவும்' என்று எழுதுவதா, 'அயன் பண்ணினால் நீண்ட நாள் பாவிக்கலாம்' என்று எழுதுவதா என்பது அவருக்குச் சந்தேகம்.

"இன்னும் எத்தனை தரம் தாங்கும்னு தெரியாதே முதலாளி. கஜனி துவைச்சுக்கிட்டுத்தான் இருக்கா."

"அப்ப அந்தப் பிள்ள சொன்ன பிறகு எழுதுறேன்" என்றார். "பேச்சி என் சேர்ட்ட ஊறப்போட்டுட்டா. தண்ணி மூணு தரம் மாத்தினாளாம்."

இவ்வளவுக்கும் நடுவில் பிரேமிளாவின் மனதில் ஒரு கேள்விக்குறி மட்டும் போகவில்லை. வெண்பலகையில் அவள் கையாலேயே போட்டது. சுமனிடம் சொன்னாள். "மன்னிப்புக் கேட்டுரு" என்றான் சுமன். அவன் அந்த விசயத்தில் பழக்கப்பட்டவன்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் வந்ததும் அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"கஜனி, எழும்பு" என்றாள். கஜனி எழுந்து நின்றாள். "நீ ஏழு தரம் துவைச்சேன்னு சொன்ன. நான் நம்பல. எனக்குத் தெரிஞ்ச விடை வராததால நீ பிழைன்னு நெனச்சேன். உன்னக் கேட்டிருக்கணும், எப்படிச் செஞ்சேன்னு. முதலாளி கேட்டாரு, நான் கேக்கல. எல்லாருக்கும் முன்னாலதான் அப்படிப் பேசினேன், அதனால எல்லாருக்கும் முன்னாலயே சொல்றேன். மன்னிச்சுக்க."

வகுப்பில் எல்லோரும் கஜனியைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர்மார் மன்னிப்புக் கேட்பதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. கஜனி மேசையின் ஓரத்தை விரலால் நெருடினாள்.

"பரவாயில்ல டீச்சர்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாகிட்ட நடந்ததச் சொன்னேன். அம்மா கேட்டாங்க..."

"என்ன கேட்டாங்க?"

"உங்க டீச்சர் வீட்டுல அயன் இல்லையான்னு."

முதலில் சிரித்தது பிரேமிளாதான்.

அதன்பிறகு அவள் எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். துணியின் மேலே மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. அதில் மயிர்போலச் சின்னச் சின்ன வால்கள் இருக்கின்றன. ஒரு வாலின் உயரம் ஒன்று, ஒன்றரை நனோமீற்றர்தான். "நீங்கதான் அந்த வாலுங்க. தோளோட தோள் ஒட்டி நின்னு கையத் தூக்குங்க." நின்றார்கள். கரப்பந்தை அவர்கள் கைகளின்மேல் வைத்தாள். பந்துதான் தண்ணீர்த் துளி. அது கை மாறி கை மாறி, கீழே விழ இடமில்லாமல், இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் உருண்டு போனது.

"இப்ப துவைக்கிறேன். எல்லாரும் சரிஞ்சு உக்காருங்க. துவைக்கும்போது வாலெல்லாம் சரிஞ்சு, தலைய உள்பக்கம் திருப்பிக்கும்."

உட்கார்ந்தார்கள், இடித்துக்கொண்டார்கள், புல்லில் உருண்டார்கள். பந்தைப் போட்டாள். அது இரண்டு பேருக்கு நடுவில் பொத்தென்று விழுந்து நின்றுவிட்டது.

"ஊறிப் போச்சு!" என்று கத்தினார்கள்.

"சூடு பட்டா வாலெல்லாம் மறுபடி நிமிந்துக்கும். யார் அயன்?"

யுகேஷ் கேட்காமலே அயனாகியிருந்தான். 'ஸ்ஸ்ஸ்' என்று ஆவி விட்டுக்கொண்டு வரிசை வரிசையாக ஓடினான். அவன் கடந்த இடமெல்லாம் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். நடுவரிசைக்கு வந்தவன் நின்றுவிட்டான்.

"டீச்சர், இவ முதல்லயே நின்னுக்கிட்டு இருக்கா!"

கஜனி கையை உயர்த்தியபடி, அசையாமல் நின்றாள்.

"உக்காரச் சொன்னேனே கஜனி?"

"நான் அயன் பண்ணின துண்டு டீச்சர்" என்றாள். அவள் வகுப்பில் சொன்ன முதல் பகிடி அது. வகுப்பு கைதட்டியது.

"எவ்வளவு நாளைக்குத்தான் அப்படி நிப்ப?" என்றான் யுகேஷ்.

அந்தக் கேள்விக்கான விடை ஒரு கிழமைக்குப் பிறகு கிடைத்தது. பதினெட்டாவது கழுவலில் கஜனியின் துண்டும் ஊறத் தொடங்கியது. எத்தனை தரம் அயன் பண்ணியும் வால்கள் எழவில்லை. பூச்சே போய்விட்டது என்று பிரேமிளா சொன்னாள். கஜனி கொப்பியில் திகதி போட்டு எழுதினாள். அழகமுத்து முதலாளி பலகையை மாற்றி எழுதினார். பதினெட்டு என்று போடச் சொன்னது பேச்சியம்மா. முதலாளிக்கு இருபது என்று போட்டால் பார்க்க வடிவாக இருக்கும் என்று ஆசை. யுகேஷ் பஸ் மாறும் வழியில் வந்து வாசித்துவிட்டுப் போவான் என்பதால் பதினெட்டிலேயே விட்டுவிட்டார்.

அன்று மைதானத்தில் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. பந்து நாலைந்து தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. அதிபர் விறாந்தையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், விளையாட்டுப் பாடமா?" என்று கேட்டார்.

"விஞ்ஞானம் சேர். நீங்களும் வாறீங்களா? ஒரு வால் குறையுது."

அதிபர் தன் வெள்ளைச் சேர்ட்டை ஒருதரம் குனிந்து பார்த்தார். தேத்தண்ணிக் கிளாஸ் எதுவும் பக்கத்தில் இருக்கிறதா என்று மைதானம் முழுக்கக் கண்ணை ஓட்டினார். பிறகு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இறங்கி வந்தார்.